முதலில் மேஜைகளைப் போடுங்கள் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

காமிக்ஸ் பற்றி நீங்கள் எழுதுவதைத் தொடர்ந்து வாசிக்கிறேன். நாங்கள் ஆறு நண்பர்கள். மங்கா (ஜப்பானியக் காமிக்ஸ்), சூப்பர்ஹீரோ, அறிவியல் புனைகதை, போர்டு கேம் என்று ஆளுக்கொரு பைத்தியம். ஒரு நாள் விழா நடத்தலாம் என்று விளையாட்டாகப் பேச ஆரம்பித்தோம், இப்போது ஒரு நூலகத்தில் அரங்கை ஒரு நாளைக்குத் தருவதாகச் சொல்லிவிட்டார்கள். அதிலிருந்து எங்களுக்குள் சண்டை. பிரபலமான ஒருவரைக் கூப்பிட்டால்தான் கூட்டம் வரும் என்கிறான் ஒருவன். கதாபாத்திரங்களைப் போல வேடமிட்டு வருகிற காஸ்ப்ளே போட்டி ஒன்று போதும் என்கிறாள் இன்னொருத்தி. எல்லாவற்றையும் சேர்த்தால் காமிக்ஸ் காணாமல் போய்விடும் என்பது என் பயம். யாருமே வராமல் போனால் என்ன செய்வது என்ற பயம் தனி. வீட்டிலோ, "இந்த வயசில் பொம்மைப் புத்தகத்துக்கு விழாவா?" என்கிறார்கள். எங்கிருந்து தொடங்குவது?

அன்புடன்,
ஒரு வாசகி (பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)

அன்புள்ள வாசகிக்கு,

அரங்கம் கிடைத்துவிட்டது என்று படித்ததும் எனக்கே உற்சாகமாகிவிட்டது. விழா நடத்தலாம் என்று பேசுகிறவர்களில் பலர் இடம் தேடுவதிலேயே களைத்துப்போய் விட்டுவிடுகிறார்கள். நீங்கள் அதைத் தாண்டிவிட்டீர்கள். வீட்டில் சொல்வதற்கு இப்போது பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம். அவர்களையும் விழாவுக்குக் கூட்டிவாருங்கள். ஒரு வெள்ளைத்தாளில் பென்சில் கோடுகள் ஒரு முகமாக மாறுவதைப் பக்கத்தில் நின்று பார்க்கட்டும், மற்றதை அப்புறம் பேசிக்கொள்ளலாம்.

உங்கள் சண்டையில் நான் யார் பக்கமும் இல்லை. நீங்கள் ஆறு பேரும் சேர்ந்து முதலில் முடிவு செய்ய வேண்டியது, தாங்களே வரைந்த, எழுதிய, அச்சடித்த ஒன்றைக் கையில் வைத்திருப்பவர்கள் எத்தனை பேருக்கு உங்களால் மேஜை தர முடியும் என்பதைத்தான். பிரபலம், போட்டி, மேடை எல்லாம் அதற்குப் பிறகு. மேஜைகள் நன்றாக அமைந்துவிட்டால் விழாவில் பாதி வேலை முடிந்தது என்றே சொல்வேன்.

ரசிகர்கள் தாங்களே அச்சடித்த காமிக்ஸை விற்கிற டோக்கியோவின் காமிக்கெட் விழாவைப் பாருங்கள். 1975 டிசம்பர் 21-ல் அது முதன்முதலாக நடந்தபோது மேஜை போட்டவை 32 ரசிகர் குழுக்கள், வந்தவர்கள் ஏறத்தாழ 700 பேர். அவர்களில் பெரும்பாலோர் ஷோஜோ மங்கா, அதாவது சிறுமிகளுக்கான மங்கா படிக்கிற பள்ளி மாணவிகள். இன்று அதற்கு லட்சக்கணக்கில் ஆட்கள் வருகிறார்கள், ஆனாலும் அடித்தளம் மாறவில்லை. சொந்தமாக அச்சடித்த புத்தகத்தோடு மேஜையில் உட்கார்ந்திருப்பவர், அதை வாங்க வரிசையில் நிற்பவர், வரிசையை ஒழுங்குபடுத்துகிற தன்னார்வலர் எல்லோரும் சமமான பங்கேற்பாளர்கள், வாடிக்கையாளர் என்று அங்கே யாரும் கிடையாது என்பதை ஒரு கொள்கையாகவே வைத்திருக்கிறார்கள். ஐம்பது வருடம் தன்னார்வலர்களை வைத்து ஒரு விழா நடக்கிறது என்றால் அதற்கு இந்த எண்ணம் ஒரு பெரிய காரணம் என்று நான் நம்புகிறேன்.

இதற்கு நேர் எதிரான பாடம் பிரான்ஸின் அங்கூலெம் காமிக்ஸ் விழாவில் இருக்கிறது. 1974-ல் தொடங்கிய விழா, ஐரோப்பாவில் காமிக்ஸுக்கு அதைவிடப் பெரிய மரியாதை எங்கும் கிடையாது என்கிற அளவுக்கு வளர்ந்தது. 2016-ல் அவர்களுடைய உயரிய விருதுக்கு 30 பேர் கொண்ட பட்டியல் வந்தபோது அதில் ஒரு பெண்கூட இல்லை. பட்டியலில் இருந்த ஆண் படைப்பாளிகளே பலர் தங்கள் பெயரை எடுத்துவிடச் சொன்னார்கள், கடைசியில் பட்டியலே கைவிடப்பட்டது. அதற்கப்புறமும் நிர்வாகத்துக்கும் படைப்பாளிகளுக்கும் இடையே கசப்பு ஏறிக்கொண்டே போய், 2026 ஜனவரியில் நடக்கவேண்டிய விழா, படைப்பாளிகளும் பதிப்பகங்களும் வரமாட்டோம் என்று புறக்கணித்ததால் ரத்தாகிவிட்டது. பேரும் பணமும் அரை நூற்றாண்டு வரலாறும் இருந்தும், வரைகிறவர்கள் விலகியதும் விழா இல்லை.

சரி, மேஜைக்கு வருவோம். அரங்கை நீங்களே அளவு நாடாவோடு போய் அளந்துவிடுங்கள், அவர்கள் தருகிற வரைபடத்தை நம்ப வேண்டாம். தூண்கள், மின்சார பிளக்குகள், அவசர வழிகள், விளக்கு சரியாக விழாத மூலைகள் எல்லாவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். மேஜைகளுக்கு நடுவே உள்ள பாதையில் ஒருவர் நின்று புத்தகத்தைப் புரட்டும்போது அவருக்குப் பின்னால் ஒரு சக்கர நாற்காலி போக முடியவேண்டும், இறக்கை கட்டிய ஒரு காஸ்ப்ளேயரும் போக முடியவேண்டும். இந்தக் கணக்கைப் போட்டதும் நீங்கள் மனதில் வைத்திருக்கிற மேஜைகளில் கணிசமானவை குறைந்துவிடும். குறையட்டும். நெரிசலில் யாரும் நின்று படிப்பதில்லை, படிக்காமல் யாரும் முன்பின் தெரியாத ஒருவருடைய புத்தகத்தை வாங்குவதில்லை.

மேஜை கேட்டு வருகிறவர்களில் முதல் புத்தகம் போட்டவர்களுக்கென்று சில இடங்களை ஒதுக்கிவிடுங்கள், அவற்றை வாசலுக்குப் பக்கத்தில் வையுங்கள். வழக்கமாக நடப்பது தலைகீழ், பெரிய விற்பனையாளர்கள் வாசலை எடுத்துக்கொள்வார்கள், புதியவர்கள் கழிவறைப் பக்கம் போய்விடுவார்கள். இன்னொன்று, தனியாக வரும் ஓவியர் தண்ணீர் குடிக்கக்கூட எழுந்து போக முடியாமல் நாள் முழுக்க மேஜையோடு கட்டுண்டு கிடப்பார். அவர் எழுந்துபோகிற நேரத்தில் மேஜையைப் பார்த்துக்கொள்வதற்கென்றே தன்னார்வலர்கள் இரண்டு பேர் சுற்றிக்கொண்டிருக்கட்டும். இதற்குச் செலவு எதுவும் இல்லை. இப்படிப் பார்த்துக்கொண்ட விழாவுக்கு ஓவியர்கள் அடுத்த வருடம் தாங்களாகவே வருவதை நான் பார்த்திருக்கிறேன்.

ரசிகர் ஓவியங்களை, அதாவது பிறருடைய பாத்திரங்களை வரைந்ததை விற்கலாமா என்ற கேள்வி கட்டாயம் வரும். காப்புரிமைச் சட்டம் இதில் ரசிகருக்குச் சாதகமாக இல்லை, பல நிறுவனங்கள் கண்டுகொள்ளாமல் விடுகின்றன, அவ்வளவுதான். உங்கள் விதி எதுவானாலும் விண்ணப்பத்திலேயே எழுதிவிடுங்கள், அன்று காலையில் வந்து சொல்லாதீர்கள். படம் திரையிடும் யோசனை இருந்தால் அதற்குத் தனி அனுமதி வேண்டும். டிஸ்க் வாங்கி வைத்திருப்பதும் ஸ்ட்ரீமிங் சந்தா கட்டுவதும் வீட்டில் பார்ப்பதற்கு மட்டும்தான்.

பிரபலத்தைக் கூப்பிடுவது பற்றி. கூட்டம் வரும் என்பது உண்மைதான். ஆனால் அந்தக் கூட்டம் ஒரே வரிசையில் இரண்டு மூன்று மணி நேரம் நின்று, கையெழுத்தும் படமும் வாங்கிக்கொண்டு, களைத்துப்போய் வீட்டுக்குக் கிளம்பிவிடும். மற்ற மேஜைகளில் இருப்பவர்கள் அந்த வரிசையின் முதுகைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். பணமெல்லாம் அவருடைய பயணத்துக்கும் தங்குமிடத்துக்கும் போய்விட, அவருக்குக் கடைசி நேரத்தில் உடம்பு சரியில்லை என்றால் உங்களிடம் சொல்லிக்கொள்ள எதுவும் மிச்சமிருக்காது. அனுபவமுள்ள ஓவியர் ஒருவரை அழைப்பதானால், மேடையில் ஏற்றாமல் மற்றவர்களுக்கு நடுவே ஒரு மேஜையில் உட்கார வையுங்கள், ஒரு மணி நேரப் பயிற்சி வகுப்பு எடுக்கச் சொல்லுங்கள், புதியவர்களின் பக்கங்களைப் பார்த்துக் கருத்து சொல்ல நேரம் ஒதுக்கச் சொல்லுங்கள். அப்படிப்பட்ட அழைப்புக்குச் சந்தோஷமாக வருகிறவர்கள் நிறைய இருக்கிறார்கள்.

இனி உங்கள் பயம், காமிக்ஸ் மட்டுமா, எல்லாமுமா என்பது. அமெரிக்காவின் சான் டியாகோ காமிக்-கான் 1970-ல் மூன்று நாள் விழாவாக நடந்தபோது காமிக்ஸ் ஓவியர் ஜாக் கிர்பியும் வந்தார், அறிவியல் புனைகதை எழுத்தாளர் ரே பிராட்பரியும் வந்தார். ஆக அறிவியல் புனைகதை முதல் வருடத்திலிருந்தே உள்ளே இருந்தது. உங்கள் ஆறு பேரிலேயே நான்கு பைத்தியங்கள் இருக்கும்போது விழாவில் ஒன்றுதான் இருக்கவேண்டும் என்று ஏன் கதவடைக்கிறீர்கள்? போர்டு கேம் விளையாட வந்தவர் அந்த மேஜை நிரம்பியிருக்கிறதே என்று பக்கத்தில் இருக்கும் புத்தகத்தை எடுத்துப் புரட்டுவார், பலர் காமிக்ஸுக்குள் வருவது அப்படித்தான். ஆனால் உங்கள் பயத்தில் ஒரு நியாயமும் இருக்கிறது. சினிமாவும் பொம்மைகளும் இடத்தைப் பிடித்துக்கொண்டு, காமிக்ஸ் பெயரில் மட்டும் மிஞ்சிய விழாக்கள் உண்டு. அதனால் அரங்கின் நடுப்பகுதியைக் காமிக்ஸ் மேஜைகளுக்கு என்று இப்போதே எழுதி வைத்துவிடுங்கள், மற்றவை எல்லாம் சுற்றிலும் வரட்டும். கேம் மேஜைகளில் அரை மணிக்குள் முடிகிற ஆட்டங்களை வையுங்கள், ஒவ்வொரு மேஜையிலும் விதி தெரிந்த ஒருவர் இருக்கட்டும். விதிப் புத்தகத்தை விரித்துவைத்துக்கொண்டு நான்கு புதியவர்கள் விழித்துக்கொண்டிருப்பதைப் பார்க்கச் சகிக்காது.

வேடமிட்டு வருவது இந்த விழாக்களோடு கூடவே பிறந்தது. 1939-ல் நியூயார்க்கில் முதல் உலக அறிவியல் புனைகதை மாநாடு நடந்தபோது ஃபாரஸ்ட் அக்கர்மன், மர்ட்டில் டக்ளஸ் என்ற இரண்டு ரசிகர்கள் எதிர்கால உடை அணிந்து வந்தார்கள், உடைகளைத் தைத்தவர் டக்ளஸ். அடுத்த வருடம் சிகாகோவில் வேடப்போட்டியே வைத்துவிட்டார்கள். போட்டி வையுங்கள், ஆனால் கையால் செய்தவர்களுக்குத் தனிப்பிரிவு வேண்டும். போட்டியை விடவும் அவசியமானது கண்ணாடியோடு ஓர் உடை மாற்றும் அறை, அப்புறம் ஊக்கு, நூல், பசைத் துப்பாக்கி, ஒட்டும் டேப் வைத்த ஒரு பழுதுபார்க்கும் மேஜை. வாளும் துப்பாக்கியும் போலியாகவே இருந்தாலும் வாசலில் பார்த்து, உறையிலிருந்து எடுக்க முடியாதபடி கட்டி அனுப்புங்கள்.

வேடமிட்டவரைத் தொடுவதற்கோ கேட்காமல் படம் எடுப்பதற்கோ யாருக்கும் உரிமை இல்லை என்று பெரிய எழுத்தில் பல இடங்களில் வையுங்கள். 2014-ல் நியூயார்க் காமிக் கான், வேடம் சம்மதம் ஆகாது என்று ஆளுயரப் பலகைகளை வாசலிலேயே நிறுத்தியது. பலகை மட்டும் போதாது. புகார் வந்தால் யாரிடம் சொல்வது, அவர் என்ன செய்வார், எப்போது ஒருவரை வெளியேற்றுவார் என்பதை முன்கூட்டியே எழுதி, அந்தப் பொறுப்பை ஒருவரிடம் கொடுத்துவிடுங்கள். புகாருக்கு உள்ளாகிறவர் உங்கள் நண்பராக இருந்தாலும் அதே விதிதான் என்று ஆறு பேரும் இப்போதே ஒப்புக்கொள்ளுங்கள், அன்றைக்கு அது மிகவும் கஷ்டமாக இருக்கும்.

யாரும் வராவிட்டால்? அதே சான் டியாகோக்காரர்கள் 1970 ஆகஸ்டில் நடந்த அந்த விழாவுக்கு முன்னால் மார்ச்சில் ஒரு நாள் மட்டும் ஒரு சின்னக் கூட்டம் நடத்தினார்கள், பெரிய விழாவுக்குப் பணமும் சேர்க்க, ஆர்வம் இருக்கிறதா என்று பார்க்கவும். ஏறத்தாழ 100 பேர் வந்தார்கள், ஆகஸ்டில் 300 பேர். நீங்களும் அதையே செய்யுங்கள். அதே நூலகத்தில் ஒரு சாயங்காலம் பழைய காமிக்ஸ் மாற்றிக்கொள்ளும் கூட்டம் ஒன்று வையுங்கள், ஒன்றைக் கொண்டுவந்து ஒன்றை எடுத்துப்போகலாம் என்று. அங்கே வருகிறவர்கள்தான் உங்கள் தன்னார்வலர்கள், உங்கள் முதல் மேஜைக்காரர்கள்.

பணத்தில் மட்டும் துணிச்சல் காட்டாதீர்கள். 2014-ல் அமெரிக்காவில் டாஷ்கான் என்ற விழாவில் முதல் நாள் இரவே, ஓட்டலுக்குக் கட்ட 17,000 டாலர் உடனே வேண்டும் என்று வந்திருந்தவர்களிடமே கையேந்தினார்கள். வந்த பிள்ளைகள் கொடுத்தும்விட்டார்கள், அதுதான் எனக்கு இன்னும் மனதை உறுத்துகிறது. அன்று வாசலில் வசூலாகப் போகிற பணத்தை நம்பி எந்தச் செலவையும் ஒப்புக்கொள்ளாதீர்கள். கையில் இருப்பதற்குள் விழா. அரங்கம் எழுத்தில் உறுதியாகும்வரை மேஜைக் கட்டணம் வாங்காதீர்கள், நாள் மாறினால் திருப்பித் தருவீர்களா என்பதையும் எழுதிவிடுங்கள்.

காமிக்ஸ் படித்தே இராதவர்களுக்கு என்ன வைப்பது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் எனக்கு மிகவும் பிடித்த பகுதி அதுதான். நாள் முழுக்கத் திறந்திருக்கும் ஒரு வரையும் மேஜை போடுங்கள். ஒரே தாளை மடித்து, நடுவில் ஒரு வெட்டு வெட்டினால் எட்டுப் பக்கப் புத்தகம் கிடைத்துவிடும், ஸ்டேப்ளர்கூட வேண்டாம். 24 மணி நேரத்தில் 24 பக்கம் என்று காமிக்ஸ் படைப்பாளி ஸ்காட் மெக்ளவுட் 1990-ல் ஒரு சவாலை ஆரம்பித்தார், உலகம் முழுக்க இன்றும் அதைச் செய்கிறார்கள். உங்களிடம் அவ்வளவு நேரம் இல்லை, ஒரு மணி நேரத்தில் எட்டுப் பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நகல் இயந்திரம் ஒன்றைப் பக்கத்தில் வைத்து, முடித்தவர்களின் புத்தகத்தை அங்கேயே பிரதி எடுத்துக் கொடுங்கள், அதை மாற்றிக்கொள்ள ஒரு மேஜையும் தாருங்கள். காலையில் வேடிக்கை பார்க்க வந்த குழந்தை மத்தியானத்துக்குள் தன் புத்தகத்தை ஓர் ஓவியரிடம் கொடுத்து அவருடையதை வாங்கிக்கொள்ளும். அந்த மேஜையில் இருப்பவர், "உனக்கு எந்தக் கதை பிடிக்கும்?" என்று கேட்கிறவராக இருக்கவேண்டும். எத்தனை பாகம் படித்திருக்கிறாய், இது தெரியாதா என்று பரீட்சை வைக்கிறவரை வேறு வேலைக்கு அனுப்பிவிடுங்கள்.

அன்றைய தினத்துக்கு ஒன்றே ஒன்று சொல்கிறேன். உங்கள் ஆறு பேரில் ஒருவருக்கு எந்த வேலையும் கொடுக்காதீர்கள். மைக் வேலை செய்யாது, யாரோ ஒரு குழந்தையைக் காணோம் என்பார்கள், மேஜைக்காரர் ஒருவர் தாமதமாக வந்து தன் இடம் எங்கே என்று கேட்பார், அப்போதெல்லாம் ஓடுவதற்குக் கை காலியாக ஒருவர் வேண்டும். முடிவெடுக்கிற அதிகாரமும் அவரிடம் இருக்கட்டும்.

அரங்கை அளந்து மேஜை வரைபடம் போட்டதும் எனக்கு அனுப்புங்கள், பாதைகளை நானும் ஒருமுறை பார்த்துச் சொல்கிறேன். நாள் முடிவானால் எழுதுங்கள், மேஜை வேண்டுகிறவர்கள் விண்ணப்பிக்கும் விவரத்தை இங்கேயே வெளியிடலாம்.

அன்புடன்.