எச்-4 நீட்டிப்பு நிலுவையில் இருக்கும்போது உள்நாட்டு விமானத்தில் போகலாமா?

கேள்வி: டல்லாஸில் வசிக்கிறோம். எனக்கு எச்-1பி (வேலை விசா), மனைவிக்கு எச்-4 (அதைச் சார்ந்த குடும்பத்தினர் விசா). இருவரின் ஐ-94 (அமெரிக்காவில் எதுவரை தங்கலாம் என்று காட்டும் பதிவு) தேதியும் முடிந்துவிட்டது. அதற்கு முன்பே நீட்டிப்புக்கு விண்ணப்பித்து ரசீதும் வாங்கிவிட்டோம். மனைவியின் ஓட்டுநர் உரிமமும் காலாவதி. நியூஜெர்சியில் என் தங்கைக்கு வளைகாப்பு. குழந்தையோடு விமானத்தில் போகலாமா?

பதில்: தாராளமாகப் போகலாம். மனைவி இந்தியப் பாஸ்போர்ட்டைக் காட்டட்டும். 2025 மே 7 முதல் ரியல் ஐடி (மத்திய அரசின் தரத்துக்கு ஏற்ப மாநிலங்கள் தரும் அட்டை) கட்டாயம் என்ற செய்திதான் பலரைக் கலக்கியிருக்கிறது. அந்த விதி மாநிலங்கள் தரும் உரிமத்துக்கும் அடையாள அட்டைக்கும் உரியது. செல்லுபடியாகும் வெளிநாட்டுப் பாஸ்போர்ட்டையும் வேலை அனுமதி அட்டையையும் விமான நிலையப் பாதுகாப்புச் சோதனை நடத்தும் டி.எஸ்.ஏ. ஏற்கிறது. பாஸ்போர்ட்டுக்குள் இருக்கும் விசா முடிந்திருந்தாலும் அது அடையாள ஆவணம்தான். உரிமத்துக்குப் பதிலாகத் தரப்படும் தற்காலிகக் காகிதம் மட்டும் செல்லாது. பெரியவர்களோடு வரும் குழந்தைக்கு அடையாளம் கேட்க மாட்டார்கள்.

நம்மவர்கள் உண்மையில் மாட்டிக்கொள்வது பெயரில்தான். பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டம் காலியாக இருந்தால், அமெரிக்க விசாவில் உங்கள் பெயரே சர்நேம் ஆகிவிடும். முதல் பெயருக்கான இடத்தில் 'எஃப்.என்.யு.' (முதல் பெயர் தெரியவில்லை என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று அச்சாகும். பலருக்கு உரிமத்திலும் அப்படியே ஏறிவிடுகிறது. எப்போதும் உரிமத்தைக் காட்டிப் பறந்தவர், விமான நிறுவனத்தின் கணக்கிலும் அந்தப் பெயரையே பதிந்து வைத்திருப்பார். இந்த முறை கையில் இருக்கப்போவது பாஸ்போர்ட். டிக்கெட்டில் உள்ள பெயர் காட்டும் ஆவணத்தோடு ஒத்துப்போக வேண்டும். ஆகவே இன்றே விமான நிறுவனத்தை அழைத்து, சர்நேம் இல்லாத பாஸ்போர்ட் என்று சொல்லிப் பெயரைச் சரிசெய்துகொள்ளுங்கள். காலாவதியான உரிமத்தையும் கூடவே எடுத்துச் செல்லுங்கள்.

அடுத்தது குடிவரவு நிலை. உரிய காலத்தில் விண்ணப்பித்திருப்பதால், முடிவு வரும்வரை மனைவி இங்கே தங்குவது அனுமதிக்கப்பட்ட காலமாகவே கருதப்படும். நீங்களும் அதே நிறுவனத்தில் 240 நாள் வரை வேலை பார்க்கலாம். 18 வயது நிறைந்த வெளிநாட்டவர் பதிவு ஆவணத்தைக் கையோடு வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். ஐ-94 அப்படிப்பட்ட ஆவணம். அதன் அச்சுப்படியையும், நீட்டிப்பு விண்ணப்பத்துக்குக் கிடைத்த ஐ-797 ரசீதையும் கைப்பையில் வையுங்கள். செக்-இன் பெட்டியில் போட்டுவிடாதீர்கள்.

ஆனால் இந்தப் பதில் எல்லாருக்கும் பொருந்தாது. விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டவர்கள், தாமதமாக விண்ணப்பித்தவர்கள், குறிப்பாக நாடுகடத்தல் உத்தரவு நிலுவையில் உள்ளவர்கள், வழக்கறிஞரைக் கேட்காமல் டிக்கெட் எடுக்கவே கூடாது. டி.எஸ்.ஏ. பயணிகளின் பெயர்களைக் குடிவரவு அமலாக்கத் துறைக்குத் தந்துவருவதாக 2025 டிசம்பரில் நியூயார்க் டைம்ஸ் செய்தி வெளியிட்டது. உள்நாட்டு விமானம்தானே என்று இருந்த காலம் போய்விட்டது. இவர்களுக்குப் பாஸ்போர்ட் செல்லுபடியாக இருப்பது மட்டும் போதாது.

உங்களுக்கு இன்னும் இரண்டு விஷயம். பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்க அனுப்புவதாக இருந்தால் ஊர் திரும்பிய பிறகு அனுப்புங்கள். அவ்வளவு தூரம் போகிறோமே, நயாகராவையும் பார்த்துவிடலாம் என்று சொந்தக்காரர்கள் கூப்பிடுவார்கள். நியூயார்க் பக்கம் நின்று பாருங்கள். பாலத்தைக் கடந்து கனடாவுக்குள் போனால், பாஸ்போர்ட்டில் உள்ள விசா முடிந்திருக்கும் பட்சத்தில் திரும்பி வரப் புதிய விசா கேட்பார்கள்.