சத்துணவு நேரத்தில் வரும் நாய்கள்

கேள்வி: ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி ஒன்றில் மூன்றாம் வகுப்பு ஆசிரியையாக இருக்கிறேன். மதியம் சத்துணவு நேரத்தில் தெருநாய்கள் வளாகத்துக்குள் வந்துவிடுகின்றன. சில பிள்ளைகள் தட்டிலிருந்தே சோறு போடுகிறார்கள், சிலர் கல்லெறிகிறார்கள். போன மாதம் ஒரு மாணவனைக் கடித்துவிட்டது. 'விலங்குகளிடம் அன்பு' என்று ஓவியப் போட்டி வைக்கலாம் என்கிறார் தலைமை ஆசிரியர். பெற்றோரோ அந்தப் பேச்சே வேண்டாம் என்கிறார்கள். என்ன செய்யலாம்?
- ஓர் ஆசிரியை, திண்டுக்கல் மாவட்டம்

பதில்: பெற்றோர் பக்கம் நியாயம் இருக்கிறது டீச்சர். கடிபட்ட பிள்ளை உட்கார்ந்திருக்கும் வகுப்பில் போய் 'நாய் நம் நண்பன்' என்று எழுதச் சொன்னால் யார் ஒப்புக்கொள்வார்கள்? அன்பை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். முதலில் நாயைக் கவனிக்கக் கற்றுக்கொடுங்கள்.

'எண்ணும் எழுத்தும்' வகுப்புக்காகக் குச்சிப் பொம்மை, முகமூடி எல்லாம் செய்து உங்களுக்குப் பழகியிருக்கும். பழைய அட்டையில் நாய் முகமூடி, கிழிந்த துணியில் ஒரு வால், அது போதும். வால் கால்களுக்கு நடுவே போய், காது பின்னால் மடங்கினால் நாய் பயந்திருக்கிறது. உடம்பு விறைத்துப் பல் தெரிந்தால் 'கிட்டே வராதே' என்கிறது. வாலை ஆட்டினாலே சந்தோஷம் என்று பெரியவர்களே நம்புகிறார்கள். விறைத்து நின்றபடி வாலைத் தூக்கி ஆட்டும் நாயிடம் போகக் கூடாது. சாப்பிடும் நாய், தூங்கும் நாய், குட்டி போட்ட நாய் இவற்றின் பக்கமே வேண்டாம்.

ஒரு பிள்ளை முகமூடியோடு நாயாக வரட்டும், மற்றவர்கள் தெருவில் நடந்து போகட்டும். நாய் நெருங்கினால் ஓடக் கூடாது. கைகளை உடம்போடு ஒட்டிவைத்து, தரையைப் பார்த்து, அது முகர்ந்துவிட்டுப் போகும்வரை மரம்போல் நிற்க வேண்டும். விழுந்துவிட்டால் சுருண்டு படுத்து, காதையும் கழுத்தையும் கைகளால் மூடிக்கொள்ள வேண்டும். வாயால் சொன்னால் மறந்துபோகும், பத்து முறை விளையாடினால் உடம்பு மறக்காது. கடிபட்ட பையனை மட்டும் வற்புறுத்த வேண்டாம். அவன் ஓரமாக உட்கார்ந்து பார்க்கட்டும்.

அடுத்தது ஒரு சின்ன நாடகம். என்னைக் கேட்டால் இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். அடி விழும் என்றோ, ஊசிக்குப் பயந்தோ, கடித்ததை வீட்டில் மறைக்கும் பிள்ளைகள் உண்டு. நாய்க்கடியால் வரும் வெறிநோயின் (ரேபிஸ்) அறிகுறி வந்துவிட்டால் பிழைப்பது அரிது. அதனால் 'அம்மா, என்னை நாய் கடிச்சிருச்சு' என்று ஓடிவந்து சொல்லும் காட்சியை ஒவ்வொரு பிள்ளையும் நடிக்க வேண்டும். 1885இல் பாரிசில் லூயி பாஸ்டரிடம் முதன்முதலாக வெறிநோய்த் தடுப்பூசி போட்டுக்கொண்டவன் ஜோசப் மெய்ஸ்டர் என்ற 9 வயதுப் பையன். உங்கள் பிள்ளைகளைவிட ஒரு வயது பெரியவன், அவ்வளவுதான். அவன் கதையையும் நாடகத்தில் சேர்க்கலாம். தொப்புளைச் சுற்றி ஊசி என்று தாத்தா பாட்டிகள் இன்னும் மிரட்டுவார்கள். அந்தக் காலம் போய்விட்டது. இப்போது கையில்தான் போடுகிறார்கள், அரசு மருத்துவமனையில் காசும் கிடையாது. ஆனால் சொன்ன தேதிகளில் எல்லா ஊசியையும் போட்டு முடிக்க வேண்டும்.

ஊசிக்கு முன்னால் சோப்பு. காயத்தை ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவ வேண்டும். மஞ்சள், மிளகாய்ப்பொடி, சுண்ணாம்பு எதுவும் கூடாது. 15 நிமிடம் எவ்வளவு நேரம் என்று பிள்ளைகளுக்கு எப்படித் தெரியும்? கடிகாரப் பாடத்தை அன்றைக்குக் குழாயடியில் நடத்துங்கள். பெரிய முள் கால் வட்டம் சுற்றும்வரை ஒரு பொம்மையின் கையைக் கழுவட்டும்.

சரி, நாய்கள் ஏன் வருகின்றன? அதைப் பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும். பள்ளியின் வரைபடம் ஒன்றைப் போட்டு, நாயைப் பார்த்த இடத்திலெல்லாம் புள்ளி வைக்கச் சொல்லுங்கள். தட்டு கழுவும் இடத்திலும் மிச்சச் சோறு கொட்டும் இடத்திலும்தான் புள்ளிகள் குவியும் என்பது என் கணிப்பு. மூடி போட்ட வாளி ஒன்றும், வாயிற்கதவைச் சாத்திவைப்பதும் பாதிப் பிரச்சினையைத் தீர்க்கும். பள்ளிக்குள் சோறு போடுவதை நிறுத்துங்கள், அது இரக்கத்தினால் என்றாலும். பள்ளி வளாகங்களில் நாய்கள் இருக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றமே 2025 நவம்பரில் உத்தரவிட்டிருக்கிறது. கல்லெறிவதும் அன்றோடு நிற்க வேண்டும். அடிபட்ட நாய் அடுத்து வரும் பிள்ளையைத்தான் பார்த்துச் சீறும்.

இதெல்லாம் முடிந்தபின் அன்புக்கு வாருங்கள். ஒவ்வொருவரும் தங்கள் தெரு நாய் ஒன்றை வீட்டு வாசலில் இருந்தபடியே ஒரு வாரம் கவனிக்கட்டும். எங்கே படுக்கிறது, யாரைக் கண்டால் ஒதுங்குகிறது, காது ஓரத்தில் சின்ன வெட்டு இருக்கிறதா? இருந்தால் அதற்குக் கருத்தடை ஆகிவிட்டது என்று அர்த்தம். பிறகு அந்த நாயே பேசுவதுபோல் அரைப் பக்கம் எழுதச் சொல்லுங்கள். வெட்டு இல்லாத நாய்களைக் கணக்கெடுத்து, கருத்தடையும் தடுப்பூசியும் கேட்டு ஊராட்சி அலுவலகத்துக்குக் கடிதம் எழுதலாம். கடிதப் பயிற்சிக்கு இதைவிட நல்ல காரணம் கிடைக்காது.

தலைமை ஆசிரியருக்கு ஓவியப் போட்டி வேண்டுமென்றால் தாராளமாக வையுங்கள். தலைப்பை மட்டும் 'எங்கள் தெருவில் நான் பார்த்த நாய்' என்று மாற்றிவிடுங்கள்.