பில்டருக்குப் பவர் எழுதிக் கொடுக்கும் முன்

கேள்வி: அப்பா விட்டுச்சென்ற மனை, பிள்ளைகள் மூவருக்கும் பொதுவாக இருக்கிறது. ஒரு பில்டர் ஜாயின்ட் வென்ச்சர் முறையில் அடுக்குமாடி கட்டி, பாதி வீடுகளை எங்களுக்குத் தருவதாகச் சொல்கிறார். ஒப்பந்தம், பவர் பத்திரம் இரண்டையும் அவருடைய வக்கீலே தயார் செய்துவிட்டார். நாங்கள் தனியாக ஒரு வக்கீல் வைப்பது வீண் செலவா?

பதில்: இல்லை. அந்த வக்கீல் பில்டருக்காக எழுதுபவர். அது அவர் தொழில், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் உங்களுக்காகப் படிக்க ஒருவர் வேண்டும்.

தாய்ப்பத்திரம், வாரிசுச் சான்று, வில்லங்கச் சான்று, பட்டா இவற்றை பில்டர் தரப்பே துருவித் துருவிப் பார்த்திருக்கும். அவர் முன்பு கட்டியவை எப்போது முடிந்தன, அவர் மேல் என்ன புகார்கள், வழக்குகள் இருக்கின்றன என்று உங்கள் வக்கீல்தான் தேட வேண்டும்.

ஒப்பந்தத்தை வரிவரியாகப் படிப்பவர்கள்கூட பவர் பத்திரத்தை வெறும் சம்பிரதாயம் என்று விட்டுவிடுகிறார்கள். என்னைக் கேட்டால் முதலில் படிக்க வேண்டியதே அதுதான். கட்டட அனுமதி வாங்கவும் மின் இணைப்புக்கு விண்ணப்பிக்கவும் அதிகாரம் கொடுப்பது சாதாரண விஷயம். விற்கவும் அடமானம் வைக்கவும் கொடுப்பது வேறு. இரண்டும் ஒரே பத்திரத்தில் இருந்தால் பிரித்து எழுதச் சொல்லுங்கள்.

சரிப்பட்டு வராவிட்டால் ரத்து செய்துகொள்ளலாமே என்று நினைப்பீர்கள். அது அவ்வளவு சுலபமில்லை. இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872-இன் 202-வது பிரிவுப்படி, அதிகாரம் பெற்றவருக்கே அந்தச் சொத்தில் பாத்தியதை இருந்தால், அது பாதிக்கப்படும்படி அதிகாரத்தைத் திரும்பப் பெற முடியாது. வெளிப்படையாக வேறு விதமாக எழுதியிருந்தால் தவிர. அந்த விதிவிலக்கைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். இத்தனை மாதங்களில் வேலை தொடங்காவிட்டால், பாதியில் நின்றுபோனால், பவர் ரத்தாகும் என்று பத்திரத்திலேயே எழுத வேண்டும்.

விற்கும் அதிகாரமும் கட்டடத்தோடு சேர்ந்து வளரட்டும். அஸ்திவாரம் முடிந்ததும் பிரிபடாத பாகத்தில் (மனையில் ஒவ்வொரு வீட்டுக்கும் சேரும் பங்கு) கொஞ்சம், கூரை போட்டதும் கொஞ்சம், கடைசிப் பகுதி உங்கள் வீடுகளின் சாவி கைக்கு வந்த பிறகு. பில்டர் முகம் சுளிப்பார்தான். இருந்தாலும் பேசிப் பார்க்க இடமுண்டு. அடமானம் என்றால் அவருடைய பங்கின் மேல் மட்டும்.

அப்புறம், ‘பாதி’ என்று மட்டும் எழுதினால் போதாது. எந்த மாடி, எந்த வீடு, கார்ப்பெட் ஏரியா (வீட்டுக்குள் புழங்கும் பரப்பு) எவ்வளவு, கார் நிறுத்துமிடம் எது என்று வரைபடத்தில் குறித்து இணைக்க வேண்டும். கூடுதலாகக் கட்ட அனுமதி கிடைத்தால் அதில் உங்கள் பங்கு என்ன என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மனை 500 சதுர மீட்டருக்கு மேல் இருந்து, வீடுகளும் எட்டுக்கு மேல் வந்தால் ரெரா, அதாவது ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டப்படி, பதிவு கட்டாயம். கட்டுபவரும் விற்பவரும் வேறு வேறு ஆள் என்றால் 2016-ஆம் ஆண்டின் அந்தச் சட்டம் இருவரையும் ப்ரமோட்டராகவே, அதாவது திட்டத்துக்குப் பொறுப்பாளராகவே, கருதும். உங்கள் பங்கு வீடுகளைக் கட்டும்போதே விற்றால், வாங்கியவருக்கு நீங்களும் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

அப்படி விற்பதில் வரிச் சிக்கலும் உண்டு. ஒப்பந்தத்தைப் பதிவு செய்த தனிநபர்கள், நிறைவுச் சான்று கிடைக்கும் ஆண்டில்தான் மூலதன ஆதாய வரி கட்ட வேண்டும். அதற்கு முன்பே உங்கள் பங்கை விற்றுவிட்டால் அந்தச் சலுகை போய்விடும். கையெழுத்துக்கு முன் ஆடிட்டரிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள்.

வக்கீல் கட்டணத்தைத் தானே தருவதாக பில்டர் சொன்னால் வாங்கிக்கொள்ளுங்கள், தப்பில்லை. ஆளை மட்டும் நீங்களே தேர்ந்தெடுங்கள்.