லாவெண்டர் கேள்வி பதில்: முதலில் அந்தத் தட்டை எடுங்கள்

மலேசியாவில் பேராக் மாநிலத்தின் பீடோர், தாப்பா வட்டாரத்துச் செடிப் பிரியர்கள் கேட்ட கேள்விகள் இவை. பதில் சொல்பவர் இங்கேயே நாற்றுக் கடை வைத்திருப்பவர்.

தாப்பாவிலிருந்து: அண்ணே, கேமரன் மலைக்குப் போறப்பல்லாம் ஒரு லாவெண்டர் சட்டி வாங்கி வர்றேன். கீழே வந்து மூணே வாரத்துல சாம்பலாகிச் சாகுது. இது மூணாவது. நம்ம வெயில் தாங்கலையா?

வெயில் இல்லை, தண்ணீர்தான். லாவெண்டர் மத்தியதரைக் கடலோரத்துச் செடி. கல்லும் சுண்ணாம்பும் கலந்த மண், காய்ந்த காற்று, கோடையில் மழையே இல்லாத ஊர். வெயிலை அது கண்டிருக்கிறது. ராத்திரியும் வேகும் புழுக்கத்தையும், நாள் தவறாமல் சாயங்காலம் கொட்டும் மழையையும்தான் கண்டதில்லை. கேமரன் மலையின் தானா ராத்தா ஊர் 1,400 மீட்டருக்கு மேலே இருக்கிறது, இரவில் 16 பாகை வரை இறங்கும். நமக்கு விடியற்காலையில்கூட 23, 24.

சாவதும் ஒரே மாதிரிதான். முதலில் அடி இலை கருகும், அப்புறம் ஒரு கிளை மட்டும் தொங்கும். 'ஐயோ வாடுதே' என்று இன்னொரு குவளை ஊற்றுவீர்கள், மறுவாரம் செடி முழுக்கப் போய்விடும். சட்டியிலிருந்து உருவிப் பாருங்கள். வேர் வெள்ளையாக இருந்தால் பிழைக்கும். பழுப்பாகி, தோல் உருவிக்கொண்டு வந்து, சாக்கடை நாற்றம் அடித்தால் வேரழுகல், மருந்து தேடாதீர்கள். நுனியில் பச்சை மிச்சம் இருந்தால் அதை வெட்டிப் பதியம் போடுங்கள்.

மலையில் வாங்கும் செடி பெரும்பாலும் தண்ணீரைப் பிடித்து வைக்கும் கறுப்புப் பீட் மண்ணில் இருக்கும். அங்கே அது சரி, இங்கே ஈரத்துணி சுற்றி வைத்த மாதிரி. வந்த வாரமே அந்த மண்ணில் பாதியை மெதுவாக உதறிவிட்டு வேறு சட்டிக்கு மாற்றுங்கள். சட்டிக்கு அடியில் தட்டு வைத்திருந்தால் அதை இன்றே எடுங்கள்.

ஆயர் கூனிங்: எந்த ரகம் நம்ம ஊருக்கு ஆகும்?

இலை ஓரம் பல் பல்லாக இருக்கும் பிரெஞ்சு லாவெண்டர், அதாவது லாவண்டுலா டென்டாட்டா. ஓரளவு தாங்கும், குளிர் அதிகம் இல்லாமலே பூக்கும். இலை சீரக இலை மாதிரிப் பிரிந்திருக்கும் மல்டிஃபிடா இன்னும் சுலபம், ஆனால் கசக்கினால் பீட்சாவில் தூவும் ஒரிகானோ வாசம்தான் வரும். எண்ணெய்க்கும் தேநீருக்கும் பேர்போன இங்கிலீஷ் லாவெண்டருக்குப் பூ பிடிக்கக் குளிர்காலம் வேண்டும். கீழே வளர்த்தால் பச்சையாக நிற்கும், பூவை மறந்துவிடுங்கள்.

பசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) ஊதாநீலப் பூவும் இலையடியில் ஊதாவுமாக விற்கும் 'மோனா லாவெண்டர்' லாவெண்டரே இல்லை. அது நம் கற்பூரவள்ளிக்குச் சொந்தக்காரச் செடி. அழகுதான், லாவெண்டர் வாசம் வராது.

லங்காப்: மண் கலவை அளவோட சொல்லுங்க. எங்க வீட்டுப் பக்கம் எல்லாம் செம்பனைத் தோட்டத்து மண்.

அந்த மண் புளித்த மண். காரகாடி அளவு (pH) 4-லிருந்து 5-க்குள் இருக்கும், லாவெண்டர் கேட்பது 6.5-லிருந்து 7.5. தரையில் நடாதீர்கள். 20 முதல் 25 செ.மீ. வாயுள்ள, சாயம் பூசாத மண்சட்டி எடுங்கள், அதன் பக்கமெல்லாம் மூச்சு விடும்.

மேல்மண் ஒரு பங்கு, பருமணல் ஒரு பங்கு, பெர்லைட் (லேசான வெள்ளைப் பொரிகல்) அல்லது பட்டாணி அளவு உடைத்த செங்கல் ஒரு பங்கு. மணலுக்கு ஆற்று மணல் நல்லது. ஈயலம்பத்து (பழைய ஈயச் சுரங்கத்து) மணலும் பருமனாக, களி இல்லாமல் இருக்கும். அழகுக்கு வளர்ப்பவர்கள் போடலாம், இலையைத் தின்ன நினைப்பவர்கள் வேண்டாம். கடல் மணல் கூடவே கூடாது, உப்பு.

தோட்டத்தில் செம்பனைக்குப் போடும் ஜி.எம்.எல். சுண்ணாம்புத் தூள் இருக்கிறதே, அதில் 10 லிட்டர் கலவைக்கு 2 மேசைக்கரண்டி. ஆறு மாதத்துக்கு ஒருமுறை மேலே ஒரு தேக்கரண்டி தூவினால் போதும். கோழிச்சாணம், யூரியா, ஆலைக் கழிவு உரம் எதுவும் வேண்டாம். தழைச்சத்து ஏறினால் தண்டு கொழகொழவென்று நீளும், வாசம் குறையும், அழுகலும் சீக்கிரம் வரும்.

சட்டியை அஞ்சடியில் (வீட்டு முன் நடையில்) கிழக்குப் பார்த்து வையுங்கள். ஆறு மணி நேர வெயில் வேண்டும், மேலே மழை விழக்கூடாது. ஒளி விடும் பிளாஸ்டிக் கூரை இருந்தால் இன்னும் நல்லது. சட்டிக்குச் சட்டி ஒரு முழம் இடைவெளி, காற்று போக. தட்டு வேண்டாம்.

பீடோர், ஓய்வுபெற்ற கங்காணி: தம்பி, முக்கியமானதை விட்டுட்டீங்க. சட்டிக்கு அடியில ரெண்டு அங்குலம் ஓட்டுச்சில்லு போடணும். தண்ணி வடியறதுக்கு அதுதான் வழி.

வேண்டாம் ஐயா. ஓட்டுச்சில்லு வடிகாலைக் கெடுக்கும்.

அவரே: என்ன தம்பி இப்படிச் சொல்றீங்க! எங்கம்மா காலத்திலேர்ந்து ரோஜாவுக்கு அப்படித்தான்.

ரோஜா பொறுக்கும், இது பொறுக்காது. பொடிமண்ணிலிருந்து பெருங்கல்லுக்குத் தண்ணீர் சும்மா இறங்காது. மேலே இருக்கும் மண் தெப்பமாக நனைந்து, இனித் தாங்காது என்ற பிறகுதான் கல்லுக்குள் சொட்டும். எந்தச் சட்டியிலும் அடியில் கொஞ்ச உயரத்துக்கு மண் நனைந்தேதான் நிற்கும். இரண்டு அங்குலம் சில்லு போட்டால் அந்தச் சேறு இரண்டு அங்குலம் மேலே, வேருக்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது.

கம்பார்: அப்ப ஓர்க்கிட்டுக்கு ஏன் கரியும் ஓடும் போடுறோம்?

அங்கே சட்டி முழுக்கக் கரி. இரண்டு அடுக்கு இல்லை.

சிலிம் ரிவர்: நான் கல் போட்டுத்தான் வச்சிருக்கேன், ஒரு வருஷமா நல்லாதான் இருக்கு.

என்ன சட்டி?

சிலிம் ரிவர்: மண்சட்டி. கூரைக்குக் கீழே.

அந்த இரண்டும்தான் காப்பாற்றுகிறது, கல் இல்லை.

ஐயாவுக்கு ஒரு சோதனை. பாத்திரம் கழுவும் செவ்வகப் பஞ்சை நன்றாக நனைத்து, உள்ளங்கையில் படுக்கையாகப் பிடியுங்கள். சொட்டுவது நின்றதும் பிழியாமல் அப்படியே செங்குத்தாகத் திருப்புங்கள். மறுபடி தண்ணீர் கொட்டும். உயரம் கூடினால் வடிகால் கூடும். சில்லு போட்டால் மண்ணின் உயரத்தை நீங்களே குறைக்கிறீர்கள். ஓட்டை வழியாக மண் ஒழுகாமல் இருக்க ஒரு துண்டு கொசுவலை போதும்.

தெலுக் இந்தான்: அண்ணே, செடி வாடுது, ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணி?

நாள் கணக்கு கிடையாது. சட்டியைத் தூக்கிப் பாருங்கள். கனமாக இருந்தால் விடுங்கள். லேசாக இருந்தால் காலையில், இலையில் படாமல், அடியில் ஒழுகும் வரை ஊற்றுங்கள்.

துரோலாக்: ஆன்லைன்ல நீலம், சிவப்பு லாவெண்டர் விதை 5 வெள்ளிக்குக் கிடைக்குது, வாங்கலாமா?

அசல் சிவப்பில் லாவெண்டர் பூப்பதில்லை. 5 வெள்ளிக்கு ரொட்டி சானாய் சாப்பிடுங்கள். நல்ல விதையே ஈரத்தாளில் சுற்றி மூன்று நான்கு வாரம் ஐஸ்பெட்டியின் கீழ்த்தட்டில் இருந்தால்தான் ஒழுங்காக முளைக்கும்.

பதியம் போடுங்கள். பூக்காத நுனி 8 செ.மீ., கீழ்ப்பாதி இலை நீக்கி, பாதி மணல் பாதி பெர்லைட்டில் செருகி, நிழலில் வையுங்கள். பிளாஸ்டிக் பை போட்டு மூடாதீர்கள், நம் காற்றில் ஏற்கெனவே ஈரம் இருக்கிறது. நான்கிலிருந்து ஆறு வாரத்தில் வேர் விடும்.

தாப்பா ரோடு, ஒரு அக்கா: லாவெண்டர் வச்சா கொசு வராதாமே? பக்கத்து லயத்துல டிங்கி.

செடி நிற்பதால் கொசு ஓடாது அக்கா. எண்ணெய் இலைக்குள் அடைபட்டிருக்கிறது, கசக்கினால்தான் வெளியே வரும். செடிச் சட்டித் தட்டில் தேங்கும் தண்ணீரில் ஏடிஸ் முட்டையிடும், ஒரு வாரம், பத்து நாளில் கொசுவாகப் பறக்கும். கொசுவை விரட்ட வாங்கிய செடியே கொசு வளர்க்கும். நோய் பரப்பும் பூச்சிகளை அழிக்கும் 1975ஆம் ஆண்டுச் சட்டப்படி அதற்கு அபராதமும் உண்டு. தட்டு, தட்டு, தட்டு. இனி எத்தனை தடவை எழுதுவது?

கம்பார்: மல்லிகை பூக்கவே மாட்டேங்குது.

இன்று லாவெண்டர் நாள். மல்லிகை அடுத்த வாரம்.

ஆயர் கூனிங்: தேநீர் போடலாமா? எண்ணெய் எடுக்கலாமா?

தேநீருக்கு இங்கிலீஷ் லாவெண்டரின் காய்ந்த பூ, குவளைக்கு அரைத் தேக்கரண்டி. உங்களிடம் இருக்கும் பிரெஞ்சு ரகத்தில் கற்பூர நெடி ஏறியிருக்கும், துணி அலமாரிக்கு வையுங்கள். காம்பைக் கொத்தாகக் கட்டித் தொங்கவிட்டால் இங்கே காய்வதற்குள் பூசணம் பிடிக்கும். ஒற்றை அடுக்காகப் பரப்பி ஃபேனுக்குக் கீழே இரண்டு மூன்று நாள், காம்பு 'பட்'டென்று ஒடியும் வரை.

எண்ணெய் ஆசையை விடுங்கள், நான்கு சட்டிச் செடியில் ஒரு கரண்டிகூடத் தேறாது. கடை எண்ணெய் என்றால் 30 மி.லி. தேங்காய் எண்ணெய்க்கு 12 சொட்டு, மேலே தடவ மட்டும். பூனை இருக்கும் வீட்டில் அதை நக்க விடாதீர்கள், அதற்கு நஞ்சு.

சிலிம் ரிவர்: செடி நீண்டு மரமாயிடுச்சு, அடியோட வெட்டலாமா?

மொட்டை மரத்தில் மறுபடி துளிர்ப்பது அபூர்வம். இலை இருக்கும் பகுதியில் மூன்றில் ஒரு பங்கு மட்டும், மழை குறைந்த வாரமாகப் பார்த்து.

தெலுக் இந்தான், இன்னொருவர்: அண்ணே, என் செடியும் வாடுது...

மேலே பாருங்கள்.

பீடோர், ஓய்வுபெற்ற கங்காணி: பஞ்சைத் திருப்பிப் பார்த்தேன் தம்பி. கொட்டுது. ரெண்டு சட்டியில சில்லை எடுத்துட்டேன், ஒண்ணுல மட்டும் விட்டிருக்கேன்.

விடுங்கள் ஐயா. மூன்றுக்கும் ஒரே நாளில் ஒரே அளவு ஊற்றி, மூன்றாம் நாள் தூக்கிப் பாருங்கள். எது கனக்கிறது என்று எழுதுங்கள்.

அவரே: சரி. தண்ணி தரையில ஒழுகுதுன்னு வீட்டுக்காரி திட்டறா, அடியில ஒரு தட்டு மட்டும்...

ஐயா!