சீருடை வேண்டும் என்கிறான் மகன், எந்தச் சீருடை?

அன்புள்ள அம்மாவுக்கு,

பிளஸ் டூ முடித்த கையோடு போலீஸ் வேலைதான் வேண்டும் என்று மகன் ஒற்றைக்காலில் நிற்கிறான். அவன் அப்பா பொறியியல் விண்ணப்பத்தை நிரப்பி வைத்துவிட்டுக் கையெழுத்துக்குக் காத்திருக்கிறார். இருவருக்கும் நடுவில் நான் என்று எழுதியிருக்கிறீர்கள். அடிதடி, இரவுப் பணி, ஊர் வாயில் விழும் பேச்சு என்று உங்கள் பயங்களையும் வரிசையாகச் சொல்லியிருக்கிறீர்கள். அவற்றுக்கு வருகிறேன். போகிற போக்கில் நீங்கள் எழுதிய வேறொரு வரிதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. ஏன் போலீஸ் என்று கேட்டால், "ஆபத்தில் இருக்கிறவர்களைக் காப்பாற்ற வேண்டும்" என்கிறானாம்.

காப்பாற்றுவது போலீஸ் வேலையில் ஒரு பங்கு. பெரிய பங்கு என்றுகூடச் சொல்ல முடியாது. தம்பி மனத்தில் வைத்திருக்கும் வேலை வேறொரு சீருடைக்குள் இருக்கவும் வாய்ப்புண்டு.

ஒரு விபத்தை எடுத்துக்கொள்வோம். இரவு இரண்டு மணி, நான்குவழிச் சாலை. ஓரம் நின்ற லாரியின் பின்னால் ஒரு வேன் மோதி, ஓட்டுநரின் கால்கள் இடுக்கில் சிக்கிக்கொண்டன. யாரோ ஒருவர் 108-க்கு அழைக்கிறார். எதிர்முனையில் அழுகையும் கூச்சலும். எங்கே என்று கேட்டால் "பைபாஸில்" என்று பதில் வருகிறது. எந்த பைபாஸ், எந்தப் பக்கம், கடைசியாகக் கடந்த சுங்கச்சாவடி எது, அருகில் கிலோமீட்டர் கல் தெரிகிறதா என்று குரலை உயர்த்தாமல் கேட்டு இடத்தைப் பிடிப்பது அழைப்பை எடுத்தவரின் வேலை. அவர் அந்த இடத்தைக் கண்ணால் பார்க்கப்போவதே இல்லை. அடிபட்டவர் பிழைத்தாரா என்பதும் பெரும்பாலும் அவருக்குத் தெரியவராது. அடுத்த அழைப்பு வந்துவிடும்.

முதலில் வந்து சேர்வது நெடுஞ்சாலை ரோந்து வாகனம் என்று வைத்துக்கொள்வோம். அதிலிருந்து இறங்கும் காவலர் நேராக வேனை நோக்கி ஓடக்கூடாது. பின்னால் வருகிற பஸ் இதே குவியலில் வந்து மோதாமல் இருக்கச் சாலையை மறித்து, விளக்கைக் காட்டி, போக்குவரத்தைத் திருப்பிவிட வேண்டும். வேடிக்கை பார்க்கிறவர்களுக்கு இது இரக்கமில்லாத செயலாகத் தோன்றும். திட்டும் வாங்குவார்.

தீயணைப்பு வீரர்கள் வந்ததும் வேனின் பேட்டரி இணைப்பைத் துண்டிக்கிறார்கள். சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து வண்டியை அசையாமல் நிறுத்துகிறார்கள். அதன் பிறகே ஹைட்ராலிக் கருவியால் தகட்டை விரிக்கத் தொடங்குகிறார்கள். அதே நேரத்தில் 108-இல் வந்த மருத்துவ உதவியாளர் உடைந்த கண்ணாடி வழியாகக் கையை நீட்டி, சிக்கியவரின் கழுத்துக்குப் பட்டை போட்டு, பேச்சுக் கொடுத்து, நாடியைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். "ஒரு நிமிடம் நிறுத்துங்கள்" என்று அவர் சொன்னால் வெட்டுகிறவர் நிறுத்த வேண்டும். "எரிபொருள் கசிகிறது, விலகுங்கள்" என்று வெட்டுகிறவர் சொன்னால் அவர் விலக வேண்டும். துறைகளின் ஒருங்கிணைப்பு என்று அரசாணைகளில் படிக்கிறோமே, அது நடைமுறையில் இவ்வளவுதான். யார் பதவியில் பெரியவர் என்ற கேள்வி அந்த இடத்தில் எழுந்தால் வேனுக்குள் இருக்கிறவர் பாடு திண்டாட்டம்.

பிறகு ஆம்புலன்ஸ் போய்விடுகிறது. தீயணைப்பு வண்டியும் திரும்பிவிடுகிறது. போலீஸ்காரரின் வேலையில் பெரும்பகுதி இனிமேல்தான். இடத்தின் வரைபடம், மருத்துவமனையில் வாக்குமூலம், முதல் தகவல் அறிக்கை, வாகனத்தைச் சோதித்த மோட்டார் வாகன ஆய்வாளரின் அறிக்கை, குற்றப்பத்திரிகை, பல ஆண்டுகள் கழித்து நீதிமன்றத்தில் குறுக்கு விசாரணை. அந்த வேன் ஓட்டுநரின் குடும்பம் இழப்பீடு கேட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போகும்போது, இந்தத் தாள்களில் இருக்கும் ஒவ்வொரு வரியும் பேசும். இதுவும் காப்பாற்றுவதுதான். ஆனால் தம்பி நினைத்த காப்பாற்றுதல் இதுவா?

இந்த விபத்தை அவனுக்குச் சொல்லி, அந்த இரவில் யாராக இருக்க விரும்புவான் என்று கேளுங்கள். பதிலுக்கு அவசரப்படுத்தாதீர்கள். கருவியைப் பிடிக்க ஆசைப்படுகிறவனும், கழுத்துப் பட்டை போட ஆசைப்படுகிறவனும், "யார் மீது தப்பு?" என்று கேட்கிறவனும் வெவ்வேறு ஆட்கள். மூன்றாவது கேள்வி தானாக வாயில் வந்தால், போலீஸ் வேலைக்கான மனம் அவனுக்கு இருக்கிறது என்று தைரியமாகச் சொல்வேன்.

போலீஸ்தான் என்று முடிவானால் ஒன்றைத் தெரிந்துகொள்ளட்டும். தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வாணையம் எடுக்கும் இரண்டாம் நிலைக் காவலர் நேரே காவல் நிலையத்துக்குப் போவதில்லை. ஆயுதப்படைக்கோ தமிழ்நாடு சிறப்புக் காவல் படைக்கோ போகிறார். பாரா எனப்படும் காவல் நிற்கும் பணி, பந்தோபஸ்து, கைதி வழிக்காவல் என்று சில ஆண்டுகள் கழிந்த பிறகே ஸ்டேஷன் பணி. தெருத்தெருவாகப் பீட் போவது, தனியே வசிக்கும் முதியவர்களைத் தெரிந்து வைத்திருப்பது, இரண்டு தெருக்காரர்கள் கைகலப்பில் இறங்கும் முன் பேசி அனுப்புவது, இணைய மோசடியில் பணம் பறிபோனதாக ஓடி வருகிறவரை அந்த நிமிடமே அதற்கான உதவி எண் 1930-க்கு அழைக்க வைப்பது ஆகியவை எல்லாம் அங்கேதான். ஊரோடு சேர்ந்து வேலை செய்யும் போலீஸாக வேண்டும் என்பவன் பட்டப்படிப்பை முடித்து, தாலுகா எஸ்.ஐ., அதாவது காவல் நிலைய உதவி ஆய்வாளர் தேர்வு எழுதுவது நேர்வழி. காவலராகச் சேர்ந்த பிறகும் அந்தக் கதவு மூடுவதில்லை, எஸ்.ஐ. தேர்வில் 20 சதவீத இடங்கள் துறையில் ஏற்கெனவே இருப்பவர்களுக்கு.

காவலர் தேர்வுக்குப் பத்தாம் வகுப்பு போதும். அடிப்படைச் சம்பளம் 18,200 ரூபாயில் தொடங்குகிறது. எஸ்.ஐ.க்குப் பட்டம் வேண்டும். அங்கே தொடக்கம் 36,900. அதனால்தான் கல்லூரியை விட்டுவிட்டு அகாடமியில் சேரட்டுமா என்ற உங்கள் கேள்விக்கு என் பதில், வேண்டாம். பொதுப்பிரிவுக்கே காவலர் தேர்வின் வயது வரம்பு 26 வரை போகிறது, மற்றவர்களுக்கு இன்னும் தளர்வு உண்டு. அறிவிப்பு எந்த மாதம் வரும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாத ஒரு தேர்வுக்காக, கையில் இருக்கும் மூன்று ஆண்டுகளை அடகு வைக்கத் தேவையில்லை. கல்லூரியில் இன்னொரு லாபமும் இருக்கிறது. காவலர் தேர்வின் 100 மதிப்பெண்ணில் எழுத்துத் தேர்வு 70, உடற்திறன் 24, மீதி 6. அந்த ஆறும் என்.சி.சி., என்.எஸ்.எஸ்., விளையாட்டுச் சான்றிதழ்களுக்கு, தலா இரண்டு. கடைசி வரிசையில் அரை மதிப்பெண்ணுக்கு ஆட்கள் முட்டிக்கொள்ளும் தேர்வில் இது சின்ன விஷயமல்ல.

எந்தப் பயிற்சி மையத்துக்கும் முன்பணம் கட்டுவதற்கு முன், வீட்டுச் சுவரில் அவனை நிறுத்தி உயரத்தை அளந்து பாருங்கள். ஆண்களுக்கு 170 செ.மீ.; ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கு 167. மார்பளவு 81 செ.மீ., மூச்சை இழுத்தால் குறைந்தது ஐந்து கூட வேண்டும். அடுத்ததாகக் கண் மருத்துவரிடம் நிறக்குருடு இருக்கிறதா என்று பாருங்கள். இந்த இரண்டையும் பார்க்காமலே வருடக்கணக்கில் பொது அறிவுப் புத்தகத்தைக் கரைத்துக் குடித்துவிட்டு அளவெடுக்கும் மைதானத்தில் திரும்பி வரும் பிள்ளைகள் உண்டு. பயிற்சி மையங்கள் இதை முதல் நாளில் சொல்லிவிட்டால் வசூல் குறையும் அல்லவா!

1500 மீட்டரை ஏழு நிமிடத்தில் ஓட வேண்டும். மூன்று மாதம் ஒழுங்காகக் காலையில் எழுந்தால் வந்துவிடும். எனக்குப் பயம் தமிழ் தகுதித் தேர்வைப் பற்றித்தான். 80-க்கு 32 எடுக்காவிட்டால் முதன்மை விடைத்தாளைத் திருத்தவே மாட்டார்கள். ஆங்கில வழியில் படித்தவன் என்கிறீர்கள். பள்ளித் தமிழ்ப் புத்தகங்களைப் பரணிலிருந்து இறக்கி வையுங்கள்.

தீயணைப்பு மற்றும் மீட்புப் பணிகள் துறைக்கும் இதே தேர்வுதான், இதே விண்ணப்பம்தான். தீயணைப்பாளர் பணியைக் கடைசி விருப்பமாகக் குறித்துவிட்டு, கிடைத்ததும் முகத்தைச் சுளிக்கிற பிள்ளைகளைப் பார்க்கும்போது எனக்குக் கோபம் வருகிறது. "காக்கும் பணி எங்கள் பணி" என்று பெயர்ப்பலகையிலேயே எழுதி வைத்திருக்கும் துறை அது. கிணற்றில் விழுந்த மாடு, வீட்டுக்குள் புகுந்த பாம்பு, வெள்ளத்தில் மாட்டிய குடும்பம், எரியும் குடோன் என்று எல்லாவற்றுக்கும் அவர்களைத்தான் கூப்பிடுகிறோம். தம்பி சொன்ன காரணம் உண்மையானால், முதல் விருப்பத்தில் இருக்க வேண்டியது இது. பட்டம் முடித்தால் நிலைய அலுவலர் பணிக்குப் போகலாம். குரூப் 1 எழுதினால் மாவட்ட அலுவலர்.

மருத்துவ உதவிப் பக்கம் மனம் போனால், அவன் உயிரியல் பிரிவு என்பது நல்ல வசதி. டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ் விபத்து மற்றும் அவசர சிகிச்சைத் தொழில்நுட்பம் என்று ஒரு பி.எஸ்சி. இருக்கிறது. மூன்று ஆண்டுப் படிப்பு, ஓராண்டு பயிற்சி. அரசு மருத்துவக் கல்லூரியில் கிடைத்தால் செலவும் கையைக் கடிக்காது. இதை எடுத்தவன் பெரிய மருத்துவமனைகளின் அவசரப் பிரிவுக்குப் போகலாம். மனம் மாறினால் எஸ்.ஐ. தேர்வும் எழுதலாம், பட்டம் பட்டம்தானே. 2008 முதல் தமிழ்நாட்டில் ஓடும் 108 சேவையில் சேரலாம் என்றும் சிலர் சொல்வார்கள். சேரலாம், ஆனால் அது அரசு வேலை அல்ல. அரசுக்காக ஒரு நிறுவனம் நடத்தும் சேவை. பன்னிரண்டு மணி நேரப் பணி, சம்பளத்துக்கும் நிரந்தரத்துக்கும் போராட்டம். வேலையின் மதிப்புக்கும் வேலைக்கான மரியாதைக்கும் இடையே இவ்வளவு தூரம் இருக்கும் தொழில்கள் குறைவு. இரண்டு மூன்று ஆண்டு அனுபவத்துக்காக என்றால் சரி.

தேசியப் பேரிடர் மீட்புப் படை அவன் கனவில் இருந்தால், அதற்கென்று நேரடித் தேர்வு கிடையாது. அரக்கோணத்தில் இருக்கும் நான்காம் பட்டாலியனைப் பார்த்து ஆசைப்படுகிறவர்கள் சி.ஆர்.பி.எஃப்., சி.ஐ.எஸ்.எஃப். போன்ற மத்தியப் படை ஒன்றில் சேர்ந்து, அங்கிருந்து அயற்பணியில் (சில ஆண்டுகளுக்கு வேறு படைக்கு அனுப்பப்படும் பணி)தான் வர முடியும்.

மகளுக்காக இதைப் படிக்கும் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. தமிழ்நாட்டுக் காவல்துறையில் பெண்கள் சேர்ந்தது 1973-இல்; 1992-இல் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் சென்னை ஆயிரம் விளக்கில் வந்துவிட்டது. தீயணைப்பில் 2003 முதல் பெண் அதிகாரிகள் இருக்கிறார்கள். காவலர் பணிக்கு உயரம் 159 செ.மீ., ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கு 157. ஓட்டம் 400 மீட்டர்.

இனி உங்கள் பயம். ஆபத்தே இல்லை என்று நான் சொல்லப்போவதில்லை. ஏப்ரல் 14-ஐத் தீயணைப்போர் நினைவு நாளாகக் கடைப்பிடிப்பதே, 1944-இல் பம்பாய்த் துறைமுகத்தில் கப்பல் வெடித்தபோது 66 தீயணைப்பு வீரர்கள் இறந்ததை நினைத்துத்தான். ஆனால் இந்த வேலைகளில் ஆட்களை அன்றாடம் அரிப்பது தூக்கமும் நேரமும்தான். தீபாவளி அன்று தீயணைப்பு நிலையத்தில் இருப்பான். தேர்த் திருவிழாவில் வடத்தைப் பிடிக்க மாட்டான், கூட்டத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பான். காவலர்களுக்கு வார விடுமுறை தர 2021-இல் அரசு ஆணையிட்டது. பெரிய பந்தோபஸ்து வந்தால் அந்த விடுமுறை தள்ளிப்போவதும் நடக்கிறது. இதை அவனிடம் சொல்ல வேண்டியவர் நான் அல்ல. உங்கள் தெருவிலோ உறவிலோ காவலர் ஒருவர் கட்டாயம் இருப்பார். அவரையும், முடிந்தால் அவர் மனைவியையும் ஒரு மாலை வீட்டுக்கு அழைத்துப் பேசவிடுங்கள். அவன் அப்பாவும் கூட உட்காரட்டும்.

அதுவரை சும்மா இருக்க மாட்டேன் என்றால், வயது 18 ஆனதும் பேரிடர் கால முதலுதவி, மீட்புப் பயிற்சிகளில் தன்னார்வலராகச் சேரட்டும். ஊர்க்காவல் படையும் இருக்கிறது. பகுதிநேரப் பணி, நாள் படி மட்டும். ஒரே ஒரு எச்சரிக்கை. தன்னார்வலர் போலீஸ் அல்ல. 1993-இல் ராமநாதபுரத்தில் நல்ல நோக்கத்தோடு தொடங்கிய "ஃப்ரெண்ட்ஸ் ஆஃப் போலீஸ்" என்ற தன்னார்வலர் அமைப்புக்கு, தந்தையும் மகனும் போலீஸ் காவலில் தாக்கப்பட்டு இறந்த சாத்தான்குளம் சம்பவத்துக்குப் பிறகு 2020-இல் தமிழக அரசு தடை விதித்தது. அதிகாரம் இல்லாத ஒருவன் அதிகாரம் இருப்பதுபோல் நடக்கப் பழகிவிட்டால், நாளைக்கு அதிகாரம் கிடைக்கும்போது அவனைத் திருத்துவது கடினம். யாராவது ஒரு காவலருக்கு எடுபிடியாக ஸ்டேஷன் வாசலில் நிற்க அவனை அனுப்பாதீர்கள்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. தேர்வில் வென்ற பிறகு காவல்துறை அவனுடைய பின்னணியை விசாரிக்கும். அவன் பெயர் ஏதாவது வழக்கில் இருந்தால், கல்லூரி வாசல் அடிதடியோ திருவிழாத் தகராறோ, அது தேர்வுப் பட்டியலிலிருந்து அவனைத் தூக்கிவிடும். விடுதலை ஆனாலும், சந்தேகத்தின் பலனை அளித்தோ புகார்தாரர் பிறழ்சாட்சி ஆனதாலோ வந்த விடுதலை என்றால் குற்ற வழக்கில் தொடர்புள்ளவராகவே கருத விதி இடம் தருகிறது. படிவத்தில் மறைப்பது அதைவிட மோசம். மறைத்த காரணத்துக்காகவே நியமனம் போகும். அப்படி எதுவும் இல்லை என்று நீங்கள் நினைக்கலாம். அவனிடம் நேராகக் கேட்டுவிடுங்கள். இருக்கிறது என்றால் வழக்கு எண்ணையும் தீர்ப்பு நகலையும் எடுத்துக்கொண்டு, விண்ணப்பிக்கும் முன்பே ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள்.