மாமா டல்லாஸில் இருக்கிறார் என்பதற்காக மகளும் டல்லாஸா?

சேலத்திலிருந்து ஒரு தந்தை எழுதுகிறார்: மகள் பி.இ. உலோகவியல் இறுதியாண்டு. அமெரிக்காவில் எம்.எஸ். டேட்டா சயின்ஸ் சேர்க்கச் சொல்கிறார் டல்லாஸில் இருக்கும் தாய்மாமன். மகளோ மிசௌரி மாநிலத்தில் ரோலா என்ற ஊரின் பல்கலைக்கழகத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். ‘பேர்கூடக் கேள்விப்படாத ஊர். பயமாக இருக்கிறது. வீட்டை அடமானம் வைத்து 40 லட்சம் புரட்டத் தயார்.’

நீங்கள் பயப்பட வேண்டியது ரோலாவுக்கு இல்லை சார், அந்த 40 லட்சத்துக்கு.

டேட்டா சயின்ஸ் படித்தால்தான் மூன்று வருடம் வேலை பார்க்கலாம் என்று உங்கள் மைத்துனர் நினைக்கிறார் போலிருக்கிறது. ரோலாவில் படிக்கக்கூடிய உலோகவியலுக்கும் செராமிக்குக்கும் (உலைச் செங்கல், பீங்கான் போன்றவற்றின் பொறியியல்) அதே 12 மாத ஓபிடி (படிப்பு முடிந்ததும் மாணவர் விசாவிலேயே வேலை பார்க்கும் அனுமதி), அதே 24 மாத ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பப் படிப்புகளுக்கான) நீட்டிப்புதான். முதல் 12 மாதத்தில் மொத்தம் 90 நாளுக்கு மேல் வேலையில்லாமல் இருந்தால் விசா சிக்கல். அந்த 90 நாளுக்குள், நாலு வருடம் கோடிங் செய்து வந்தவர்களோடு உலோகம் படித்த பெண் எதற்கு மோத வேண்டும்?

ரோலா, ஃபெல்ப்ஸ் கவுண்டியின் தலைநகர். செயின்ட் லூயிஸிலிருந்து தென்மேற்கே ஐ-44 நெடுஞ்சாலையில் சுமார் 170 கிலோமீட்டர். 2020 கணக்கெடுப்பில் ஊருக்குள் இருபதாயிரத்துக்குச் சற்றுக் குறைவு. கவுண்டி முழுக்க 44 ஆயிரத்துச் சொச்சம். நம் கணக்கில் ஒரு பேரூராட்சி. பக்கத்துச் செயின்ட் ஜேம்ஸ் அருகே ஊற்றுத் தண்ணீர் விசையில் 1820-களிலேயே இரும்பு உருக்கியிருக்கிறார்கள். தென்கிழக்கே ஈயச் சுரங்கங்கள். சுற்றுவட்டாரத்தில் உலைச் செங்கலுக்கான களிமண். மேக்னசைட் தோண்டும் சேலத்துக்காரருக்கு இது அந்நியமான மண் இல்லை. 1870-ல் சுரங்க, உலோகவியல் பள்ளியாகத் தொடங்கியதுதான் 2008 முதல் மிசௌரி எஸ் அண்ட் டி (மிசௌரி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம்) என்ற பெயரில் நடக்கிறது. செராமிக் பொறியியலைத் தனிப் பட்டமாக வைத்திருக்கும் அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் மிகச் சில. இது அதில் ஒன்று. அங்குள்ள பீஸ்லி எஃகு ஆராய்ச்சி மையத்துக்கு எஃகு, வார்ப்பு நிறுவனங்களே பணம் கட்டுகின்றன. மாணவருக்கு ஆர்.ஏ. (உதவித்தொகையோடு ஆராய்ச்சி உதவியாளர் வேலை) கிடைப்பது இப்படி வரும் பணத்திலிருந்துதான்.

எதைத் தொடக்கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அங்கே வெடிபொருள் பொறியியல் பிரபலம். மாணவர் விசாவில் இருப்பவர் வெடிபொருளைக் கையில் வைத்திருக்க அமெரிக்கச் சட்டம் தடை போடுகிறது, வேண்டவே வேண்டாம். பக்கத்தில் ஃபோர்ட் லெனார்ட் வுட் ராணுவ முகாம், ஊருக்குள் புவியியல் ஆய்வுத் துறை, வனத்துறை அலுவலகங்கள் உண்டு. அநேகமாக எல்லாம் அமெரிக்கக் குடிமக்களுக்கான வேலை. படிப்பு முடிந்ததும் உருக்காலை, ஃபவுண்டரி இருக்கும் வேறு மாநிலத்துக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான். பெரிய விமான நிலையத்துக்குச் செயின்ட் லூயிஸ் போக வேண்டும். கார் இல்லாமல் சிரமம்.

பணத்தில் நான் கறார். தீசிஸ் (ஆய்வேடு) எழுதும் எம்.எஸ்., கூடவே ஆர்.ஏ. அல்லது டி.ஏ. (கற்பித்தல் உதவியாளர் வேலை) இரண்டும் சேர்ந்தால் போகலாம். இல்லாவிட்டால் போக வேண்டாம். ஆர்.ஏ. என்றதும் துள்ளாமல் மூன்று கேள்வி கேட்கச் சொல்லுங்கள். கல்விக்கட்டணத் தள்ளுபடி முழுதா, பாதியா? உதவித்தொகை 9 மாதமா, 12 மாதமா? 9 என்றால் கோடை மூன்று மாதமும் கைக்காசு. மாணவர் கட்டணமும் மருத்துவக் காப்பீடும் யார் தலையில்? வகுப்பு நடக்கும் பருவத்தில் வளாக வேலைக்கு வாரம் 20 மணி நேரம்தான் அனுமதி, ஆர்.ஏ.வே அதை விழுங்கிவிடும். வெளியே கடையில் நின்று சம்பாதிக்கலாம் என்று யாராவது சொன்னால் காது கொடுக்காதீர்கள், விசாவே போய்விடும். இங்கிருந்து 20,000 டாலர் அனுப்ப வேண்டியிருந்தால், டாலர் ஒரு ரூபாய் ஏறும்போதெல்லாம் உங்களுக்கு 20,000 ரூபாய் கூடுதல்.

மகளின் விருப்பத்தைப் பற்றி வாதமே இல்லை. இரண்டு வருடம் உலை முன்னால் நிற்கப்போவது அவள், மாமா இல்லை.

செப்டம்பரிலேயே பேராசிரியர்களுக்கு அரைப் பக்க மின்னஞ்சல் போகட்டும். எந்த உலோகக் கலவையை வார்த்தாள், எத்தனை டிகிரியில் வெப்பப் பதம் செய்தாள், உலோகத்தின் படிக அமைப்பைக் காட்டும் எக்ஸ்ஆர்டி (எக்ஸ்-கதிர்) வரைபடத்தைத் தானே படித்தாளா என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். ‘சிறு வயதிலிருந்தே ஆர்வம்’ போன்ற வரிகளை வெட்டிவிடுங்கள். சேர்க்கைக் கடிதம் மட்டும் வந்து ஆர்.ஏ. வராவிட்டால், அடுத்த பருவத்துக்குத் தள்ளிவைக்க முடியுமா என்று கேட்டு எழுதட்டும். அதுவரை வங்கியில் கையெழுத்துப் போடாதீர்கள்.