தண்ணீர் லாரி வரிசையில் அன்பு இருக்கிறதா?

கேள்வி: ‘ஒருவரையொருவர் நேசித்தால் உலகம் திருந்திவிடும்’ என்று மேடைக்கு மேடை பேசுகிறார்களே, இது நடக்கிற காரியமா? 2015 வெள்ளத்தின்போது எங்கள் தெருவே ஒரு குடும்பமாக இருந்தது. இப்போது குடிநீர் லாரி வந்தால் அதே ஜனங்கள் குடுமிப்பிடிச் சண்டை போடுகிறார்கள். அன்பு என்பதெல்லாம் வெறும் பேச்சு என்றே எனக்குத் தோன்றுகிறது.
– ஒரு வாசகர், தண்டையார்பேட்டை

பதில்: உங்கள் தெருவில் பற்றாக்குறை தண்ணீருக்கு. பழியை ஏன் அன்பின் தலையில் போடுகிறீர்கள்?

அந்த லாரி வரிசையை இன்னும் கொஞ்சம் கிட்டப் போய்ப் பாருங்கள். லாரி திரும்பும் முன்பே பிளாஸ்டிக் குடங்கள் வரிசை கட்டி நிற்கும். வேலைக்குப் போனவளின் குடத்தையும் தன் குடத்தோடு சேர்த்து நகர்த்தி நகர்த்தி முன்னே கொண்டுவருவாள் பக்கத்து வீட்டுக்காரி. மாடியில் இருக்கும் பாட்டிக்கு ஒரு பையன் முணுமுணுத்துக்கொண்டே இரண்டு குடம் ஏற்றிக் கொடுப்பான். தொட்டியில் தண்ணீர் இறங்கி, குழாயில் வேகம் குறையும். அப்போதுதான் சண்டை மூளும். பக்கத்து வீட்டுக் குடத்தைப் பார்த்துக்கொண்ட அதே பெண் எதிர்வீட்டுக்காரியைக் கண்டபடி ஏசுவாள். இவளிடம் அன்பு இல்லை என்று எந்த வாயால் சொல்வது? வீட்டுக்குழாயில் தினம் ஒரு மணி நேரம் தண்ணீர் வந்தால் அந்த ஏச்சு நின்றுவிடும்.

ஆனால் அந்தக் குழாய் தானாக வந்துவிடாது. அரை நாள் கூலியை விட்டுவிட்டுக் குடிநீர் வாரிய அலுவலகத்துக்கு யாராவது நடையாய் நடக்க வேண்டும். தன் வீட்டுக்கு என்று கேட்காமல் தெருவுக்கே கேட்க வேண்டும். முடிந்தால் அடுத்த தெருவுக்கும் சேர்த்து. அந்த நடைக்குத் தெம்பு எங்கிருந்து வருகிறது என்று யோசித்துப் பாருங்கள். அன்பு வெறும் பேச்சு என்று அதன் பிறகு சொல்ல மாட்டீர்கள்.

மேடைப் பேச்சாளர்களிடம் எனக்கு இருக்கிற வருத்தம் வேறு. நேசியுங்கள் என்கிறார்கள், யாரை என்று சொல்வதில்லை. தன் ஆட்களை நேசிக்க யாருக்கும் உபதேசம் தேவையில்லை. நம் பெரம்பூரில்தான் 1918 ஏப்ரலில் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. வாடியா தலைவர், திரு.வி.க. தோள்கொடுத்தவர். நாட்டின் முதல் முறையான தொழிற்சங்கம் என்று வரலாற்றில் இடம்பெற்ற சங்கம் அது. பின்னி ஆலையில் ஒரே பஞ்சுத் தூசியைச் சுவாசித்தவர்கள் அதில் ஒன்றாக நின்றார்கள். மூன்றே ஆண்டுகளில், 1921 வேலைநிறுத்தத்தின்போது, சாதி இந்துத் தொழிலாளர்களும் ஆதிதிராவிடத் தொழிலாளர்களும் எதிரெதிராகப் பிரிந்தார்கள். புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன. தன் சனம், தன் சேர்மானம் என்ற பாசத்துக்கு அன்று ஒரு குறைவும் இல்லை. அந்தப் பாசம் தெருமுனையோடு நின்றுபோனதுதான் கொடுமை. வேலைநிறுத்தமும் தோற்றது.

ஏழுகிணற்றில் வாழ்ந்து திருவொற்றியூருக்கு நடந்தே போய் வழிபட்டவர் வள்ளலார். பசித்தவனைக் கண்டு அவர் உருகியதைப் பாடாத மேடை இல்லை. அதன் பிறகு அவர் செய்ததைத்தான் நாம் கவனிப்பதில்லை. ஊர் மக்களிடம் நிலம் பெற்று, 1867இல் வடலூரில் தருமச்சாலை தொடங்கினார். அரிசி வர வேண்டும், விறகு வர வேண்டும், விடிந்தால் உலை வைக்க ஆள் வேண்டும். வந்தவன் என்ன சாதி, எந்த ஊர் என்று கேட்கக் கூடாது. அவர் மூட்டிய அடுப்பு ஒன்றரை நூற்றாண்டு கடந்தும் எரிகிறது. ஒரு மனிதரின் உருக்கம் அவரோடு போய்விடாமல் இருக்க இவ்வளவு ஏற்பாடு வேண்டியிருக்கிறது.

இனி நீங்கள் சொன்ன வெள்ளத்துக்கு வருகிறேன். உதவிக்கு ஓடிவரும் அன்பு நம் பக்கத்தில் எப்போதும் உண்டு. 2015இல் மீனவர்கள் தங்கள் படகுகளை நகரத் தெருக்களுக்குள் கொண்டுவந்து முன்பின் தெரியாதவர்களை மீட்டார்கள். 2017 ஜனவரியில் எண்ணூர்க் கடலில் இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கரை ஒதுங்கியபோது, இளைஞர்களும் மீனவர்களும் வாளியால் மொண்டார்கள். 2023 டிசம்பர் புயல் மழையில் முகத்துவாரம் முழுக்க மறுபடியும் எண்ணெய். படகின் பக்கமெல்லாம் கருப்பு, வலையெல்லாம் பிசுபிசுப்பு, கூழைக்கடாவின் இறகில்கூட எண்ணெய். மறுபடியும் வாளி, மறுபடியும் வெறுங்கை. எனக்கு நெஞ்சு கொதிக்கிறது. எண்ணெய் மொள்ள ஆயிரம் கை வரும் ஊரில், எண்ணெய் ஏன் வந்தது என்று கேட்கவும் அத்தனை குரல் வர வேண்டாமா?

குரல் வந்தது, எண்ணூர்க் குப்பங்களிலிருந்து. அதே டிசம்பரில் 26ஆம் தேதி நள்ளிரவை ஒட்டி உரத் தொழிற்சாலைக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து, கண் எரிந்து, மூச்சு முட்டி, பெரியகுப்பத்து ஜனங்கள் ஓடினார்கள். ஓடும்போதே பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி எழுப்பினார்கள். பிறகு அந்த ஆலையை எதிர்த்துப் பந்தல் போட்டு நாள்கணக்கில் உட்கார்ந்தார்கள், பெண்கள் முன்வரிசையில். கதவைத் தட்டியதும் பந்தலில் உட்கார்ந்ததும் எனக்கு ஒன்றுதான். இரண்டாவதைக் கலகம் என்று சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை.

வட சென்னை அனல்மின் நிலையத்தின் மின்சாரம் எங்கெங்கோ விளக்கேற்றுகிறது. அதன் சாம்பல் படிந்தது எண்ணூர்க் கழிமுகத்தில். விளக்கு எரியும் வீட்டுக்காரர்களுக்கும் அந்தக் கழிமுகத்தில் இறால் தடவிப் பிழைப்பவர்களுக்கும் உறவு இல்லை என்று யார் சொன்னது? எண்ணூரில் அடுத்த முறை மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் அறிவித்தால், தண்டையார்பேட்டையிலிருந்து ஒரே பஸ்தான், போய் உட்காருங்கள். மயிலாப்பூர், அண்ணாநகர் வாசகர்களுக்கும் சொல்கிறேன், நீங்களும் வாருங்கள். மீனவர் எழுந்து பேசும்போது, குப்பத்துக்கு வெளியே இருந்து வந்தவர்களும் அந்த அரங்கில் இருக்க வேண்டும்.